வாயில்லாப் பூச்சியின் சமையலறை

அந்தக் கப்பலில் உயிரியல் படித்தவர் ஒருவர்கூட இல்லை.

1977 பிப்ரவரி. பசிபிக் பெருங்கடலில் கலாபகோஸ் தீவுகளுக்கு அப்பால் நின்றிருந்த ‘நார்’ என்ற அமெரிக்க ஆய்வுக் கப்பலில் புவியியலாளர்களும் வேதியியலாளர்களும்தான் இருந்தார்கள். கடலடித் தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகிற இடத்தில் வெந்நீர் ஊற்று இருந்தே தீரவேண்டும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் புறப்பட்டு வந்திருந்தார்கள். இரும்புக் கூண்டுக்குள் பூட்டிய ‘ஆங்கஸ்’ என்ற கேமராவை இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில் இழுத்துக்கொண்டே போனார்கள். ஓரிடத்தில் வெப்பமானி துள்ளியது, மூன்று நிமிடத்துக்குள் அடங்கியும் விட்டது. மேலே தூக்கிப் படச்சுருளைக் கழுவிப் பார்த்தால் சுமார் மூவாயிரம் படங்கள், அத்தனையிலும் கறுத்த எரிமலைப் பாறை. வெப்பம் ஏறிய அந்தக் கொஞ்ச நேரத்தில் எடுத்த 13 படங்களில் மட்டும் வெள்ளை வெளேரென்று மட்டிகள் குவிந்து கிடந்தன.

பிப்ரவரி 17-ம் தேதி ‘ஆல்வின்’ நீர்மூழ்கி அந்த இடத்தில் இறங்கியது. உள்ளே இருந்த புவியியலாளர் ஜாக் கோர்லிஸ், ஆழ்கடல் பாலைவனம்போல இருக்கும் என்றல்லவா சொன்னார்கள் என்று மேலே இருந்த மாணவியிடம் தொலைபேசியில் கேட்டாராம். ஜன்னலுக்கு வெளியே பாலைவனம் இல்லை. ஓரடி நீளத்தை எட்டப் பார்க்கும் மட்டிகள், வெள்ளை நண்டுகள், வேறோர் ஊற்றில் சிவப்புத் தலையை நீட்டி நிற்கும் குழாய்ப் புழுக்கள் என்று ஒரு சந்தையே கூடியிருந்தது. பிடித்த உயிர்களைப் பதப்படுத்திவைக்கப் போதிய ஃபார்மலின் கப்பலில் இல்லை. பாறையைப் பார்க்கப் போனவர்கள் எதற்கு அதைக் கொண்டுபோகப் போகிறார்கள்? பனாமாவில் வாங்கி வைத்திருந்த ரஷ்ய வோட்கா கைகொடுத்தது. உயிரியலின் ஒரு புதிய அத்தியாயம் சாராயத்தில் ஊறிக் கரைக்கு வந்தது.

கூடவே ஒரு நாற்றமும் வந்தது. ஊற்று நீரைப் பிடித்த புட்டியைக் கப்பலின் ஆய்வறையில் திறந்ததும் கூமுட்டை நாற்றம் தூக்கியடிக்க, எல்லோரும் ஜன்னலைத் திறக்க ஓடினார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு. இந்தக் கட்டுரை முழுக்க நாம் பேசப்போகும் சோறு அந்த நாற்றத்தில்தான் இருக்கிறது.

விஷத்தில் வெந்த சோறு

ஆழ்கடலில் வாழ்வதென்றால் மேலிருந்து விழுவதைப் பொறுக்கித் தின்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். பெருமளவுக்கு அது சரியும்கூட. வெயில் படும் மேற்பரப்பில் மிதவைத் தாவரங்கள் விளைகின்றன. அவற்றின் சிதிலமும் அவற்றைத் தின்றவற்றின் எச்சமும் பனித்தூறல்போல இறங்குகின்றன. வழியிலேயே பலரும் தின்றுவிடுவதால் அடித்தளத்துக்கு வந்து சேர்வது சொற்பம். அந்தச் சொற்பத்தை வைத்து இவ்வளவு பெரிய கூட்டத்துக்குப் பந்தி வைக்க முடியாது. ஆக, உள்ளூரிலேயே யாரோ சமைக்கிறார்கள்.

அடுப்பு இப்படி எரிகிறது. பாறை வெடிப்புகள் வழியே கடல்நீர் பூமிக்குள் இறங்குகிறது. கீழே உருகிய பாறைக் குழம்பின் சூட்டில் கொதிநிலையைத் தாண்டிச் சூடேறி, பாறையிலிருந்து உலோகங்களையும் கந்தகத்தையும் கரைத்துக்கொண்டு மேலே பீறிடுகிறது. 1979-ல் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவுக்கு அப்பால் கண்டறிந்த ‘கரும்புகைப் போக்கி’களில் நீரின் வெப்பம் சுமார் 350 டிகிரி செல்சியஸ். தலைக்கு மேல் 250 வளிமண்டல அழுத்தம் இருப்பதால் அந்தச் சூட்டிலும் நீர் ஆவியாவதில்லை. வெளியே உள்ள நீரோ 2 டிகிரி. இரண்டும் சந்திக்கும் இடத்தில் உலோக சல்ஃபைடுகள் படிந்து கோபுரம் கோபுரமாக எழுகின்றன. விலங்குகள் வாழ்வது கொதிநீரில் அல்ல, இந்த இரண்டு நீரும் கலக்கும் விளிம்பில். 1977-ல் பார்த்த ஊற்றுகளில் வெப்பம் 20 டிகிரியைக்கூடத் தொடவில்லை.

அந்த விளிம்பில் சில பாக்டீரியாக்கள் சல்ஃபைடை ஆக்சிஜனோடு சேர்த்து ‘எரிக்கின்றன’. அதில் கிடைக்கும் ஆற்றலைக்கொண்டு நீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடிலிருந்து சர்க்கரையும் சதையும் செய்துகொள்கின்றன. இலை வெயிலை வைத்துச் செய்வதை இவை கந்தகத்தை வைத்துச் செய்கின்றன. ஒளிச்சேர்க்கைக்குப் பதில் வேதிச்சேர்க்கை. இப்படியும் ஒரு பிழைப்பு உண்டு என்று ரஷ்ய அறிவியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி 1880-களிலேயே கந்தக பாக்டீரியாக்களைப் பார்த்துச் சொல்லிவிட்டார். ஒரு முழு ஊரே அதை நம்பி வாழும் என்று மட்டும் யாரும் எதிர்பார்க்கவில்லை.

வாயும் இல்லை, வயிறும் இல்லை

பேச்சுக்குப் போகாதவரை நாம் ‘வாயில்லாப் பூச்சி’ என்போம். ரிஃப்டியா என்ற ராட்சதக் குழாய்ப் புழு அச்சொட்டாக அதுதான். ஆளுயரத்தையும் தாண்டி வளரும் இந்த உயிருக்கு வாய் இல்லை, குடல் இல்லை, ஆசனவாயும் இல்லை. வெள்ளைக் குழாய்க்குள் உடம்பு, வெளியே ரத்தச் சிவப்பில் ஒரு கொண்டை. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் புழு நிபுணர் மெரிடித் ஜோன்ஸ் அறுத்துப் பார்த்தபோது, உடம்புக் குழியை முக்காலே மூணு வீசம் அடைத்துக்கொண்டு பழுப்பு நிறத்தில் பஞ்சுபோன்ற ஒரு உறுப்பு இருந்தது. எதற்கென்று தெரியவில்லை.

1980-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜோன்ஸ் இதைப் பற்றிப் பேசினார். அந்த உறுப்பில் கந்தகப் படிகங்கள் இருந்ததாகப் போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த ஆராய்ச்சி மாணவி காலீன் கவனாவ் பேச்சின் நடுவிலேயே எழுந்துவிட்டார். புழுவின் உடம்புக்குள் கந்தக பாக்டீரியா குடியிருக்க வேண்டும், அதுதான் சோறு போடுகிறது என்றார். பேராசிரியர்கள் நிறைந்த அரங்கில் ஒரு மாணவி குறுக்கிட்டுப் பேசுவது சின்ன விஷயமல்ல. ஜோன்ஸ் உடனே ஒப்புக்கொள்ளவும் இல்லை. பிறகு திசுவை அனுப்பிவைத்தார். 1981-ல் கவனாவும் மற்றவர்களும் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை அந்தப் பஞ்சு உறுப்பு கோடிக்கணக்கான பாக்டீரியாக்களின் குடியிருப்பு என்று காட்டியது.

இந்த ஏற்பாட்டில் என்னை மலைக்கவைப்பது புழுவின் ரத்தம். ஹைட்ரஜன் சல்ஃபைடு நமக்குச் சயனைடுபோல, மூச்சு விடும் இயந்திரத்தையே நிறுத்திவிடும். போதாததற்கு அது ஆக்சிஜனைக் கண்டால் வினைபுரிந்து வீணாகியும் போகும். புழுவின் ஹீமோகுளோபினோ ஆக்சிஜனை ஓரிடத்திலும் சல்ஃபைடை வேறோரிடத்திலும் பிடித்துக்கொள்கிறது. தீக்குச்சியையும் மண்ணெண்ணெயையும் ஒரே பையில், ஒன்றோடொன்று உரசாமல் சுமந்துபோய் அடுப்பங்கரையில் இறக்கும் வித்தை அது. கொண்டையின் சிவப்பு இந்தச் சுமைகூலிக்காரனின் நிறம்தான். பாக்டீரியாக்கள் சமைக்கின்றன. அவை கசியவிடுவதை உறிஞ்சியும் வயதான பாக்டீரியாக்களையே செரித்தும் புழு வாழ்கிறது.

தாயிடமிருந்து சீதனமாக வருவதல்ல இந்தப் பாக்டீரியா. ஒவ்வொரு இளம் புழுவும் கடல்நீரிலிருந்து தோல் வழியே தானே தேடிக்கொள்கிறது. இளமையில் தலைகாட்டும் உணவுப்பாதை பிறகு மறைந்துவிடுகிறது. புழு செத்துப்போனால் பாக்டீரியாக்களில் ஒரு பகுதி வெளியேறி மறுபடியும் கடலில் கலந்துவிடுகிறது. இதில் யார் வீட்டுக்காரர், யார் குடித்தனக்காரர் என்று கேட்டால் நான் பாக்டீரியாவின் பக்கம்தான் சாய்வேன்.

வீட்டுச் சமையலும் ஊர்ச் சோறும்

பள்ளிப் பாடத்தில் உணவு வலை என்றால் புல், முயல், நரி என்று அம்புக்குறி போட்டுப் படித்திருக்கிறோம். அந்த அம்புக்குறிகள் வெந்நீர் ஊற்றில் தடுமாறுகின்றன. இங்கே கண்ணில் படும் மிகப் பெரிய உயிர் யாரையும் தின்பதில்லை. உயிரோடு இருக்கும்வரை அதை முழுசாகத் தின்பவரும் இல்லை. நண்டு வந்து கொண்டை நுனியைக் கிள்ளும், புழு சட்டென்று குழாய்க்குள் இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். காட்டில் யானைக் கூட்டத்தைப் பார்த்து இதுதான் எல்லோருக்கும் இரை என்று முடிவுகட்டினால் எப்படியிருக்கும்? புழுத் தோப்பைப் பார்த்து, இங்கே உணவு வலை இதன் மேல்தான் நிற்கிறது என்று நினைப்பதும் அப்படித்தான்.

ஊற்றில் இரண்டு விதச் சமையல் நடக்கிறது. ஒன்று வீட்டுச் சமையல். பாக்டீரியாவை உடம்புக்குள் வைத்துக்கொண்ட புழு, செவுள்களில் வைத்துக்கொண்ட மட்டி, மசல் சிப்பி எல்லாம் இந்த வகை. விளைவதில் பெரும்பங்கு அந்தந்த வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும். இன்னொன்று ஊர்ச் சோறு. பாறை, புகைபோக்கி, சிப்பி ஓடு என்று நனைந்த எல்லாப் பரப்பிலும் பாக்டீரியாக்கள் படலமாகப் படர்கின்றன. குழாய்ப் புழு ஊருக்குத் தருவது சோற்றைவிட இலையைத்தான் என்று சொல்லலாம். அதன் குழாயின் மேல்தான் இந்தப் படலம் பந்தி விரித்தாற்போல் கிடக்கிறது. தொப்பி வடிவச் சிறு நத்தைகள் அதைச் சுரண்டித் தின்கின்றன. கூனி இறால் அளவுள்ள ஆம்பிபாட்கள் ஊற்று நீரில் மேகம்போல மொய்க்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத கோப்பிபாட்களும் நூற்புழுக்களும் இடுக்குகளில் நிறைந்திருக்கின்றன. இந்தப் பொடிசுகளைத்தான் மற்றவை தின்கின்றன.

இரண்டரை கிலோமீட்டருக்குக் கீழே யார் எதைத் தின்றார் என்று எப்படித் தெரியும்? உண்டவன் உடம்பே காட்டிக்கொடுக்கும். இயற்கையில் கார்பனிலும் நைட்ரஜனிலும் கொஞ்சம் கனமான அணுக்களும் கலந்திருக்கின்றன. தின்பவரின் உடம்பில் கன நைட்ரஜனின் விகிதம் தின்னப்பட்டதைவிட ஒரு படி கூடும். ஆகவே, சதைத் துணுக்கை அளந்தால் உணவு வலையில் அந்த விலங்கு எத்தனையாவது படியில் நிற்கிறது என்று மதிப்பிடலாம். கார்பனோ எந்தச் சமையலறையிலிருந்து சோறு வந்தது என்று சொல்லும். ரிஃப்டியாவின் கார்பன் ஒரு மாதிரி, பக்கத்திலேயே ஒட்டி வாழும் மசல் சிப்பியின் கார்பன் முற்றிலும் வேறு மாதிரி. இருவர் வீட்டிலும் கந்தக பாக்டீரியாதான் சமைக்கிறது, ஆனால் கார்பனைப் பிடிக்கும் பக்குவம் வேறு. இப்படி அளந்து பார்த்ததில் தெரிந்த ஒன்று, இங்கே ஏணி குட்டையானது. பாக்டீரியாவில் தொடங்கி மேலே மூன்று நான்கு படி ஏறினால் உச்சி வந்துவிடுகிறது.

உச்சியில் இருப்பவர்களில் ஒருவர் தெர்மார்செஸ் செர்பெரஸ். கிரேக்கப் புராணத்து நரக வாசலைக் காக்கும் நாயின் பெயரை இந்த மீனுக்கு வைத்திருக்கிறார்கள். பார்த்தால் விலாங்குபோல வெளுத்துச் சோம்பிக் கிடக்கும். குழாய்ப் புழுக்களின் நடுவே அசையாமல் தொங்கிக்கொண்டிருக்கும் இதற்கு வயிறு நிறைய நத்தையும் ஆம்பிபாடும். உச்சியில் இதற்குக் கூட்டாளிகள் வெள்ளை நண்டு, குட்டைச் சிங்கி இறால், இந்த ஊற்றுகளுக்கே உரிய சிறு ஆக்டோபஸ்.

சோம்பேறி மீனால் ஊருக்கு என்ன லாபம், நஷ்டம்? கிழக்குப் பசிபிக் மேட்டில் வட அட்சரேகை 9 டிகிரி 50 நிமிடப் பகுதியில் ஓர் ஆய்வுக் குழு எரிமலைக் கற்களை ஊற்றருகே வைத்தது. சில கற்களைக் கம்பிக் கூண்டால் மூடியது, மற்றவற்றைத் திறந்தே விட்டது. 2002-ல் வெளியான அந்த ஆய்வின் முடிவு எளிது, ஆனால் அழுத்தமானது. மீனும் நண்டும் புகமுடியாத கூண்டுக்குள் நத்தைகள் பெருகிவிட்டன. நத்தை சுரண்டும்போது பாக்டீரியாவோடு சேர்த்து அப்போதுதான் வந்து ஒட்டிய புழுக் குஞ்சுகளையும் வழித்துவிடக்கூடும். ஆக, மீன் நத்தையைத் தின்பதால் புழுக் குஞ்சுக்கு ஒட்ட இடம் கிடைக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். புழுவைத் தொடாத மீன் புழுத் தோப்புக்குக் காவலனாகிறது. பெயர் வைத்தவர்கள் இதை நினைத்து வைக்கவில்லை, இருந்தாலும் காவல் நாய் என்ற பெயர் பொருந்திப்போயிற்று.

ரோஜாத் தோட்டம் போன கதை

1979-ல் உயிரியலாளர்கள் முதன்முறையாகக் கலாபகோஸ் ஊற்றுகளுக்கு வந்தபோது, சிவப்புக் கொண்டைகள் காடாக நின்ற ஓரிடத்துக்கு ‘ரோஜாத் தோட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். 1985-ல் திரும்பிப் போனால் ரோஜா குறைந்து மசல் சிப்பி மண்டிக் கிடந்தது. காரணம் சோற்றில்தான் இருக்கிறது. ஊற்று தணியத் தணிய சல்ஃபைடு குறையும். வீட்டுச் சமையலை மட்டுமே நம்பிய புழு அப்போது பட்டினி. மசல் அப்படியல்ல. செவுளில் பாக்டீரியாவையும் வைத்திருக்கிறது, வேலைசெய்யும் வாயையும் வயிற்றையும் விடாமல் வைத்திருக்கிறது. வீட்டில் அடுப்பு எரியாத நாளில் நீரை வடிகட்டி வெளிச் சாப்பாடு சாப்பிட்டுக்கொள்ளும். 2002-ல் மறுபடி போனவர்களுக்கு ரோஜாத் தோட்டமே கிடைக்கவில்லை. புதிய எரிமலைக் குழம்பு அதை மூடியிருந்தது. பக்கத்தில் சின்னச் சின்னப் புழுக்கள் தலைகாட்டிய புதிய ஊற்றுக்கு ‘ரோஜா மொட்டு’ என்று பெயர் வைத்துவிட்டு வந்தார்கள்.

அழிவுக்குப் பிறகு பந்தி எந்த வரிசையில் கூடுகிறது என்பதையும் நேரில் பார்த்திருக்கிறார்கள். 1991 ஏப்ரலில் அதே 9 டிகிரி 50 நிமிடப் பகுதியில் ‘ஆல்வின்’ இறங்கியபோது எரிமலை அப்போதுதான் பொங்கி ஓய்ந்திருந்தது. கருகிய புழுக்கள் குழம்பில் சிக்கிக் கிடந்தன. நீரெங்கும் வெள்ளைப் பாக்டீரியாத் திப்பிகள் பனிப்புயல்போல் பறந்தன. முதலில் திறந்தது ஊர்ச் சோறுதான். சுரண்டித் தின்பவையும் நண்டுகளும் வந்தன. பிறகு டெவ்னியா என்ற சிறிய குழாய்ப் புழு, அதன் பிறகு ரிஃப்டியா. ஆண்டுக்கு 85 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்து, இரண்டு ஆண்டுக்குள் ஒன்றரை மீட்டரைத் தொட்டது அது. முதுகெலும்பில்லாத கடல்வாழ் உயிர்களில் இவ்வளவு வேகமாக வளர்வது அபூர்வம். ஊற்று எப்போது அணையும் என்று தெரியாத ஊரில் நிதானமாக வளர்வது கட்டுப்படியாகாது.

குஞ்சுகள் எங்கிருந்து வருகின்றன? ரிஃப்டியாவின் குஞ்சு தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோற்றை வைத்துக்கொண்டு சுமார் 38 நாள் நீரோட்டத்தில் மிதக்கும். அதற்குள் இன்னோர் ஊற்று அகப்பட வேண்டும். எரிமலைப் பாறைக்கு அடியில் உள்ள பொந்துகளிலும் வளர்ந்த புழுக்கள் வாழ்வதை 2023-ல் ‘ஃபால்கோர் (டூ)’ கப்பலின் ரோபோ பாறைத் தகட்டைப் பெயர்த்துக் காட்டியது. ஊரின் நிலவறை அது.

இங்கே ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். ‘சூரியனே தேவைப்படாத உலகம்’ என்று வெந்நீர் ஊற்றுகளைப் பற்றித் தலைப்பு போடுவது பத்திரிகைகளின் பழக்கம். நானும் போட்டிருக்கிறேன். அது பாதி உண்மை. சல்ஃபைடை எரிக்கத் தேவையான ஆக்சிஜன், மேலே வெயிலில் பச்சையம் வெளியிட்டது. சூரியன் ஒருநாள் அணைந்தால் ரிஃப்டியாவும் ஒருநாள் மூச்சுத் திணறும். ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் வைத்து மீத்தேன் செய்து பிழைக்கும் சில நுண்ணுயிர்களுக்குத்தான் சூரியனிடம் கடன் இல்லை. அவற்றில் ஒன்றை 122 டிகிரி வெப்பத்தில் வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள் ஜப்பானிய ஆய்வாளர்கள். இன்றுவரை உயிர் பெருகியதாக அறியப்பட்ட உச்ச வெப்பம் அதுதான். அது கிடைத்த இடம் நம்முடைய இந்தியப் பெருங்கடல்.

இரும்புச் சட்டை நத்தை

பசிபிக்கின் குழாய்ப் புழு இந்தியப் பெருங்கடலில் கிடையாது. அட்லாண்டிக்கின் நடுமேட்டில் ரிமிகாரிஸ் இறால்கள் புகைபோக்கியின் சூடான சுவரில் அப்பிக்கொண்டு மொய்க்கின்றன. வழக்கமான கண் இல்லை. முதுகில் ஒளி உணரும் உறுப்பு உண்டு என்று உயிரியலாளர் சிண்டி வான் டோவர் கண்டுபிடித்தார். செவுள் அறைக்குள் பாக்டீரியாவைப் பயிர்செய்து பிழைக்கும் இறால் இது. இதன் உறவினர்தான் மொரீஷியஸுக்குக் கிழக்கே, ரோட்ரிக்ஸ் முச்சந்திப்புக்கு அருகில் உள்ள ‘கைரே’ ஊற்றில் ஆட்சி செய்வது. 2000-ல் ஜப்பானியர்களின் ‘கைகோ’ ரோபோ கண்டறிந்த ஊற்று இது.

அடுத்த ஆண்டே அங்கே ஒரு நத்தை அகப்பட்டது. காலில் ஓட்டு வீடு வேய்ந்ததுபோல் அடுக்கடுக்காகச் செதில்கள், அந்தச் செதில்களின் மேல் இரும்பு சல்ஃபைடு பூச்சு. இந்தச் செதில்கால் நத்தைக்கும் வீட்டுச் சமையல்தான். தொண்டையை ஒட்டிய சுரப்பி பருத்து, அதற்குள் பாக்டீரியா குடியிருக்கிறது. அந்தக் குடிகளுக்கு ஆக்சிஜன் அனுப்ப உடம்புக்கு ஒவ்வாத அளவு பெரிய இதயம். 2019-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியும் நிலையில் உள்ள உயிராகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. ஆழ்கடல் சுரங்க ஆபத்தைக் காரணம் காட்டி அந்தப் பட்டியலில் சேர்ந்த முதல் உயிர் இதுதான். அப்போது அறியப்பட்டிருந்த வாழிடங்கள் மூன்று. அவற்றில் இரண்டு, கனிமம் தேட நாடுகளுக்கு ஒதுக்கிய பகுதிக்குள் இருந்தன.

புகைபோக்கிகளில் செம்பு, துத்தநாகம், தங்கம், வெள்ளி எல்லாம் உண்டு. இந்தியப் பெருங்கடல் மேடுகளில் 10,000 சதுர கிலோமீட்டரில் இந்த சல்ஃபைடுகளைத் தேட சர்வதேசக் கடற்படுகை ஆணையத்தோடு இந்தியா 2016-ல் ஒப்பந்தம் போட்டது. 2025 செப்டம்பரில் கார்ல்ஸ்பர்க் மேட்டுக்கு இன்னோர் ஒப்பந்தம். 2024 டிசம்பரில் ‘சாகர் நிதி’ கப்பலில் போன நம் ஆய்வாளர்கள் சுமார் 4,500 மீட்டர் ஆழத்தில் ஓர் ஊற்றைப் படம்பிடித்து வந்தார்கள். அணைந்துபோன ஊற்றில் தோண்டுவது ஒன்று, எரிகிற அடுப்பில் தோண்டுவது வேறு. முன்னதை விவாதிக்கலாம். பின்னதை அனுமதிக்கவே கூடாது என்பது என் கட்சி. எரிமலை மூடிய ஊர் மறுபடி கூடுகிறதே, சுரங்கம் தோண்டினாலும் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. பசிபிக்கில் கூடியதற்குக் காரணம், குஞ்சு அனுப்ப அக்கம்பக்கத்தில் வேறு ஊற்றுகள் உயிரோடு இருந்தன. எரிமலை ஒரு நேரத்தில் ஓர் ஊரைத்தான் மூடும். இயந்திரத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் ‘மத்ஸ்யா 6000’ நீர்மூழ்கியை உருவாக்கிவருகிறது. 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுக நீரில் இறக்கிச் சோதித்தார்கள். 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டானியக் கோளம், 6,000 மீட்டர் ஆழம், உள்ளே மூன்று பேர். அது என்றாவது ஒரு வெந்நீர் ஊற்றின் அருகே போய் நிற்கும். அதற்குத் திட்டம் தீட்டுபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அந்த மூன்று இருக்கையில் ஒன்றை, முதல் பயணத்திலேயே, ஓர் உயிரியலாளருக்கு ஒதுக்குங்கள். ஃபார்மலினையும் மறக்காமல் ஏற்றிக்கொள்ளுங்கள்.